எங்கள் கூரையில் மட்டும் நிற்காத பனி

லண்டனில் பனி விழுந்தால் பெரும்பாலும் மறுநாளே அது சேறாகிப் போகும். பிள்ளைகள் ஒரு பந்து உருட்டி முடிப்பதற்குள் தெரு கறுத்துவிடும். ஆனால் அந்த வருடம் ஜனவரி முடிகிற கிழமையில், ஒரு செவ்வாய்க்கிழமை கொட்டிய பனிக்குப் பின்னாலேயே கடுங்குளிரும் வந்து சேர்ந்தது. விழுந்தது விழுந்தபடியே கிடந்தது. ஊரில் சமாதானம் என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் சனம் டிக்கெட் போட்டு யாழ்ப்பாணம் போய் வந்துகொண்டிருந்தது. நான் போகவில்லை. நான் செவன் கிங்ஸில் என் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை காலை பஸ் ஓடுகிறதா என்று பார்க்க வெளியே வந்தவள், தெருவின் மறுபக்கம் போய் ஏதோ நினைப்பில் திரும்பிப் பார்த்தேன். எங்கள் தெருவில் வீடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியவை. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே நீளக் கூரை. புகைபோக்கிகளை வைத்துத்தான் இது இவர் வீடு, அது அவர் வீடு என்று பிரித்துச் சொல்லலாம். அந்தக் கூரை முழுவதும் வெள்ளை. எங்கள் வீட்டின் மேல் மட்டும் கறுப்பு. ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. இடதுபக்க வீட்டுப் பனி எங்கள் சுவர்வரை வந்து நின்றுவிட்டு, வலதுபக்க வீட்டில் மறுபடி தொடங்கியது. சிரித்த வாயில் ஒரு பல் விழுந்ததுபோல நடுவில் எங்கள் வீடு.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலி எங்கள் வீட்டில் மட்டும் ஐஸால் நிரம்பி வழிந்து, முருங்கைக்காய் நீளத்துக்குக் கட்டி கட்டியாகத் தொங்கியது. பக்கத்து வீடுகளில் ஒரு துளிகூட இல்லை. மேலே பனி இல்லாத வீட்டுக்குக் கீழே இவ்வளவு ஐஸ் எங்கிருந்து வந்தது?

எனக்குப் பிறவியிலேயே ஒரு வியாதி உண்டு. ஏன் என்ற கேள்வி ஒன்று தலைக்குள் நுழைந்துவிட்டால் பதில் கிடைக்கும்வரை சோறு இறங்காது. அத்தோடு கோபமும் மூக்கு நுனியில்தான் இருக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது. ஏன் என்று தேடிப் போகிறவள் வழியிலேயே யாரையாவது பிடித்துக் குற்றவாளி ஆக்கிவிடுவாள்.

என் கணவருக்குத் தபால் பிரிக்கிற இடத்தில் இரவு ஷிப்ட். அப்போதுதான் வந்து படுத்திருந்தார். எழுப்பிச் சொன்னேன்.

“எங்கட கூரையில வெயில் படுது போல,” என்றார், கண்ணைத் திறக்காமல்.

“வெயில் எங்களுக்கு மட்டும் தனியா வருமே?”

“இஞ்சேரும், பனி இல்லாட்டி நல்லதுதானே. விடும்.”

அவருக்கு எதுவும் இல்லாவிட்டால் நல்லது. எனக்கு அப்படி விட முடியாது.

வீட்டில் கீழே நாங்கள் இரண்டு பேரும், மேல்மாடி முன்னறையில் வாடகைக்கு ஒரு தம்பியும். அவன் வந்து ஏழு மாதம். நோர்வேயின் வடக்கு மூலையில் ஒரு மீன் தொழிற்சாலையில் பத்து வருடம் இருந்துவிட்டு, பாஷையும் இருட்டும் போதும் என்று லண்டனுக்கு வந்தவன். இங்கே கடைகளுக்குத் தட்டு அடிக்கிற, தளம் போடுகிற வேலை. சமாதானம் வந்த கையோடு ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டிவிட்டுத் திரும்பியிருந்தான். மனைவி யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். அந்த விசாப் பத்திரங்களோடு வீட்டுக்காரரின் கடிதம் ஒன்றும் போகவேண்டும். இரண்டு பேர் இருக்கக்கூடிய அறை உண்டு, மனைவி வந்து தங்க எங்களுக்குச் சம்மதம் என்று. வீடு என் பெயரில். ஆகவே கையெழுத்தும் என்னுடையது.

பொங்கலுக்கு அடுத்த நாள் கேட்டான். நான், “பாப்பம் தம்பி,” என்றேன். இரண்டு கிழமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொன்னால், ஒரு குசினிக்குள் இரண்டு பெண்கள் சமைப்பது என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் வெட்கம். அதனால் ஒரு காரணம் வருமா என்று காத்திருந்தேன். காரணம் கூரையில் வந்து உட்கார்ந்தது.

வியாழக்கிழமை, எதிர்வீட்டு வெள்ளைக்காரர் தன் வாசல் பனியை வழித்துக்கொண்டு நின்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், பகிடி அதிகம். என்னைக் கண்டதும் மண்வெட்டியைக் கூரைப்பக்கம் நீட்டி, உள்ளே என்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்டார். பின்வளவைக் கேட்கிறார் என்று நினைத்து, கொஞ்சம் வெங்காயத்தாள் வைத்திருந்தேன், குளிரில் செத்துப்போய்விட்டது என்றேன். மனிதர் மண்வெட்டியில் சாய்ந்து நின்று சிரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்குள் வந்து கணவரிடம் சொன்னபோது அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“உமக்கு விளங்கேல்லையே? சில பேர் வீட்டுக்குள்ள பெரிய லைற் போட்டுக் கஞ்சா வளக்கிறவங்கள். அந்தச் சூட்டில கூரைப் பனி கரைஞ்சிடும். பொலிஸ் அதைப் பாத்துத்தான் பிடிக்கிறதாம்.”

இரண்டு பேரும் சீலிங்கைப் பார்த்தோம். எங்களுக்கு மேலே இருந்தது அவனுடைய அறை.

“சீச்சீ, அவன் அப்பிடிப்பட்ட பெடியன் இல்லை,” என்றார் கணவர்.

“கஞ்சா எண்டு நான் சொல்லேல்லை. ஹீற்றர். கள்ளமா ஹீற்றர் வைச்சிருக்கிறான்.”

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். அறைக்குள் தனியாக ஹீற்றர் வைக்கக்கூடாது. முன்பு ஸ்ட்ரெதமில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒருவர் ஹீற்றருக்கு மேல் காலுறையைக் காயப்போட்டுவிட்டுப் போக, திரைச்சீலை பற்றிக்கொண்டது. இரவு உடுப்போடு தெருவில் நின்ற அந்தக் குளிர் இன்னும் என் முழங்காலில் இருக்கிறது. வைத்தால் அன்றைக்கே வெளியே என்று அவன் வந்த முதல் நாளே சொல்லியிருந்தேன்.

ஒருவர்மேல் சந்தேகம் விழுந்துவிட்டால் அவர் தும்மினாலும் அது சாட்சிதான். இவன் ஜனவரியிலும் வீட்டுக்குள் கையில்லாத பனியனோடு திரிவான். எப்போதும் அறைக் கதவைச் சாத்தியே வைத்திருப்பான். புதன்கிழமையிலிருந்து குளியலறை வாளியைக் காணவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, படுக்கப் போகிற நேரத்தில் அவனுடைய அறையிலிருந்து ஒரு சத்தம். டக். கொஞ்சம் பொறுத்து மறுபடி டக். ஹீற்றர் சூடேறி நிற்பதும், ஆறிப்போய் மறுபடி பிடிப்பதும் அப்படித்தான் கேட்கும் என்று நான் கணவருக்கு விளக்கினேன். அவர் வேலைக்குப் போகிற அவசரத்தில், “ஓம், ஓம்,” என்றார்.

அந்தக் கடிதத்துக்கு நான் கையெழுத்து வைக்கப்போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஒரு சட்டத்தை மதிக்காதவனுக்கு எப்படி நற்சான்று கொடுப்பது? இந்தக் கேள்வியை நான் எவ்வளவு சந்தோஷமாக எனக்குள் கேட்டுக்கொண்டேன் என்பதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

இல்ஃபோர்டில் நான் வேலை செய்த கண்ணாடிக் கடையைப் பனியால் வெள்ளிக்கிழமை பூட்டிவிட்டார்கள். அவன் விடியவே நடந்தே வேலைக்குப் போய்விட்டான். பனிக்குப் பயப்படுகிற ஆளா அவன். கணவர் நித்திரை. குசினி ஆணியில் அவனுடைய அறைப் பூட்டின் இரண்டாவது திறப்பு தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரிக்கு ஒரு திறப்பு வேண்டும் என்று வைத்திருந்தது. ஒருநாளும் தொட்டதில்லை. அன்றைக்கு எடுத்தேன்.

கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. வெளியே படியடியைவிட உள்ளே குளிர். சுவரில் இருந்த வீட்டு ரேடியேற்றரைத் தொட்டேன், இளஞ்சூடு. கட்டிலுக்குக் கீழே குனிந்தேன். அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஹீற்றர் இல்லை. முதலில் எனக்கு வந்தது நிம்மதி அல்ல, ஏமாற்றம். அவ்வளவு சாட்சிகளைச் சேர்த்துவைத்தவளுக்கு ஒரு ஹீற்றர்கூடக் கிடைக்கவில்லை.

பிறகுதான் அறையைப் பார்த்தேன். யன்னல் பக்கம் இருந்த கட்டிலைக் கதவடிக்கு இழுத்து வைத்திருந்தான். கட்டில் இருந்த இடத்தில் எங்கள் குளியலறை வாளி. பாதித் தண்ணீர். மேலே சீலிங்கில், முன்சுவர் ஓரமாக, தோசை அளவுக்கு ஒரு மண்ணிறக் கறை. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அதன் நடுவில் ஒரு துளி திரண்டு விழுந்தது. டக்.

மேசையில் இரண்டு பொருட்கள். ஒன்று புதுத் தலையணை, கடைப் பொலித்தீனோடு. அதற்கு மேல் இன்னொரு பெரிய பொலித்தீன் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. மற்றது அந்தக் கடிதம். எனக்கு வேலை வைக்கக்கூடாது என்று அவனே எங்கேயோ போய் டைப் அடித்து, நனையாமல் ஒரு பையில் போட்டு வைத்திருந்தான். வாசித்தேன். இந்த வீட்டின் முன்னறையில் இரண்டு பேர் வசதியாக வாழலாம், அறை சூடானது, ஈரம் இல்லாதது, நல்ல நிலையில் உள்ளது, இவருடைய மனைவியை நாங்கள் மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம். கீழே என் பெயர். அதற்கு மேல் கையெழுத்துக்கு ஒரு வெறும் கோடு.

வாளிக்குள் இன்னொரு துளி விழுந்தது. நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது பின்னால் படி சத்தம் கேட்டது. பனியால் அவனுடைய வேலையையும் நிறுத்திவிட்டார்கள். கதவடியில் ஜக்கெற்றோடு நின்றான். என் கையையும் திறப்பையும் பார்த்தான்.

பிழை என் பக்கம் இருந்தால் எனக்குக் கோபம் முந்திக்கொண்டு வரும்.

“தம்பி, இவ்வளவு தண்ணி ஒழுகுது, நீர் ஏன் ஒரு வார்த்தை சொல்லேல்லை?”

“சின்ன ஒழுக்குத்தானே அக்கா.”

“இது சின்ன ஒழுக்கோ? சீலிங் கழண்டு விழுந்தால்?”

அவன் ஜக்கெற்றைக் கழற்றிக் கதிரையில் போட்டான். “கடிதம் தாற நேரத்தில வீட்டில குறை சொல்லக்கூடாது எண்டு இருந்தனான். நீங்கள் வேற, பாப்பம் எண்டு சொன்னனீங்கள். அறை சரியில்லை எண்டு நானே சொன்னால் பிறகு என்னெண்டு கேக்கிறது?”

மூன்று நாளாக இந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறான். அதையே நான் கீழே இருந்து ஹீற்றர் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததும் மறுபடி என் வியாதி தலைகாட்டியது.

“சரி. அது கிடக்கட்டும். கூரையில பனியே இல்லை. பிறகு தண்ணி எங்கயிருந்து ஒழுகுது?”

அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. முதல்முறையாக நான் அவனுக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டிருக்கிறேன். யன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியில் விரலால் ஒரு கூரை கீறினான்.

“பனி விழுந்தது அக்கா. எல்லாருக்கும் விழுந்தமாதிரி உங்களுக்கும் விழுந்தது. ஆனா உங்கட கூரை கீழயிருந்து சுடுது. பனி கரைஞ்சு ஓட்டு வழியா ஓடி வருது. இந்த நுனி வீட்டுச் சுவருக்கு வெளியால நிக்குது, பாருங்கோ. இதுக்குக் கீழ சூடு இல்லை. இஞ்ச வந்ததும் தண்ணி உறைஞ்சு ஐஸாகுது. ஐஸ் வரம்பு மாதிரிக் கட்டிக்கொண்டு நிக்குது. பின்னால வாற தண்ணிக்குப் போக வழியில்லை. தேங்கி, ஓட்டுக்குக் கீழால உள்ள வருது.”

வரம்பு என்றதும் எனக்கு முழுதும் விளங்கிவிட்டது. வரம்பு கட்டினால் தண்ணீர் நிற்கும். நின்ற தண்ணீர் ஓட்டை தேடும். இதில் நோர்வே என்ன, யாழ்ப்பாணம் என்ன.

“நோர்வேயில குளிர் தொடங்கினால் ஆக்கள் பக்கத்து வீட்டுக் கூரையைத்தான் பாப்பினம். பனி நிண்டால் நல்ல வீடு. கரைஞ்சால் வீட்டுச் சூடு முழுக்க வெளியால போகுது எண்டு அர்த்தம். உங்கட சூடும் எங்கயோ மேல போகுது அக்கா. லொப்ட்டுக்குள்ள பஞ்சு போட்டிருக்கோ?”

லொப்ட் என்பது சீலிங்குக்கும் ஓட்டுக்கும் இடையில் உள்ள இருட்டறை. பஞ்சு என்று அவன் சொன்னது, வீட்டுச் சூடு மேலே போகாமல் அங்கே மெத்தைபோல விரித்து வைக்கிற மஞ்சள் கண்ணாடி நார்.

“போட்டிருக்கு,” என்றேன். அது பொய் இல்லை. பஞ்சு லொப்ட்டுக்குள்தான் இருந்தது.

இந்த இடத்தில் என் மோர்மிளகாயைப் பற்றிச் சொல்லவேண்டும். லண்டன் மாரிக் குளிரில் மோர்மிளகாய் காயவைக்கிற ஒரே ஆள் நான்தான் என்று எங்கள் ஆட்களுக்குள் எனக்கு ஒரு பெயர். பச்சைமிளகாயைக் கீறி, உப்பும் உளுந்தும் வெந்தயமும் போட்ட மோரில் ஊறவிட்டு, பகலில் காய்ந்து இரவில் ஊறி, ஒரு கிழமை போகவேண்டும். வெயில் இல்லாத ஊரில் அது பூஞ்சணம் பிடித்துப் பூத்துப்போகும். டூட்டிங்கிலிருந்து என் மச்சாள் ஒவ்வொரு முறையும் கேட்பாள், என்ன மந்திரம் என்று. கைராசி என்பேன்.

கைராசியும் இல்லை, மந்திரமும் இல்லை. ரேடியேற்றருக்கு மேல் காயவைத்துப் பார்த்தேன். வீடு முழுக்க நெடி. கணவர் தும்மியே களைத்துப்போனார். மேலே லொப்ட்டில் வைத்தேன், குளிரில் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் ஏதோ யோசனையில் அந்தப் பஞ்சுக்குக் கீழே கையை நுழைத்தேன். சூடு. நல்ல சூடு. சூட்டை இந்தப் பஞ்சு பொத்தி வைத்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்ததும் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. பஞ்சு முழுவதையும் பாய் சுருட்டுவதுபோல ஓரமாகச் சுருட்டினேன். அந்த இடத்தில் வெள்ளைச் சீலை விரித்து மிளகாயைப் பரப்பினேன். மேல்மாடிப் படியடியில் உள்ள லொப்ட் மூடியையும் கூட்டுகிற தும்புத்தடிக் கட்டை ஒன்றால் கொஞ்சம் உயர்த்திவைத்தேன், கீழ்ச் சூடு தாராளமாக மேலே வரட்டும் என்று. இப்படி இரண்டு மாரி. முதல் மாரியில் பனி விழவில்லை, அதனால் கூரை காட்டிக்கொடுக்கவில்லை.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு அந்தச் சூடு மிளகாயோடு நின்றுவிடாது, ஓட்டுக்கும் போகும் என்று தோன்றவில்லை. எனக்குத் தெரிந்த கூரைகளில் வெக்கை மேலிருந்துதான் வரும். கீழிருந்து கூரையைச் சுடுகிற ஊர் ஒன்று உண்டு என்று நான் யோசித்ததே இல்லை.

“ஒருக்கா மேல ஏறிப் பாக்கிறன்,” என்று அவன் படியடிக்குப் போனான்.

“வேண்டாம் தம்பி, ஒரே தூசி,” என்று குறுக்கே நின்றேன். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். ஆனால் அதற்குள் அவன் மூடிக்குக் கீழே நின்று அந்தத் தும்புத்தடிக் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் விலகிவிட்டேன்.

ஏணியில் ஏறி டோர்ச்சோடு உள்ளே போனான். பிறகு ஒரு தும்மல். இன்னொரு தும்மல். மூடி வழியாகத் தலையையும் கையில் ஒரு மிளகாயையும் நீட்டினான்.

“அக்கா, மேல நல்ல யாழ்ப்பாண வெயில்.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் முதுகை மூன்று நாளாகத் தெரு முழுவதும் பார்த்திருக்கிறது, நான்தான் அடுத்தவன் முதுகில் தேடிக்கொண்டிருந்தேன். சத்தத்துக்குக் கணவரும் எழுந்து வந்துவிட்டார். ஏணியையும் அவன் கையில் இருந்த மிளகாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப கஞ்சாத் தோட்டக்காரி நீர்தான்,” என்றார்.

“என்ன கஞ்சா?” என்று மேலே இருந்து அவன் கேட்டான்.

கத்தரிக்காய் முற்றினால் சந்தைக்கு வந்துதானே ஆகவேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர், ஹீற்றர், டக் டக், வாளி எல்லாம். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் மூடியின் விளிம்பில் கால்களைத் தொங்கப்போட்டபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “கடிதமும் அதாலதான் நிண்டதோ?” என்று மட்டும் கேட்டான்.

“ஓம்,” என்றேன். குசினிக் காரணத்தைச் சொல்லும் துணிவு அப்போதும் வரவில்லை.

அவன் உள்ளே திரும்பிப் பஞ்சை விரிக்கத் தொடங்கினான். மிளகாய்ச் சீலையை மூட்டையாகக் கட்டிக் கீழே இறக்கித் தந்தான். மூடியை நெடுநாளைக்குப் பிறகு இறுகச் சாத்தினான். ஆனால் கட்டின ஐஸ் அங்கேயே இருந்தது. கணவர் சுத்தியலைக் கொண்டுவந்தார். அடித்தால் ஓடு போகும், பீலியும் போகும் என்று அவன் தடுத்துவிட்டான்.

“அக்கா, உப்பு இருக்கோ?”

“எவ்வளவு?”

“நிறைய.”

மிளகாய்க்கென்று வாங்கிவைத்த கல்லுப்பு அரை மூட்டை இருந்தது. அடுத்ததாக அவன் கேட்டதுதான் சங்கடம். தயங்கித் தயங்கி, பெண்கள் போடுகிற நீளக் காலுறை பழையது இருக்கிறதா என்றான். நோர்வேயில் அவனுடைய வீட்டுக்கார அம்மா அப்படித்தான் செய்வாளாம். வேலைக்குப் போடுகிற கறுப்புக் காலுறை இரண்டு எடுத்துவந்தேன். அவற்றில் உப்பை நிரப்பி முடிச்சுப் போட்டான். இரண்டும் கொழுத்த புடலங்காய் மாதிரி இருந்தன.

அவனுடைய அறை யன்னலுக்கு நேர் மேலேதான் பீலி. யன்னல் வழியே வெளியே சாய்ந்து, தும்புத்தடி நுனியில் காலுறையைக் கொழுவி, ஐஸ் வரம்புக்குக் குறுக்கே ஓட்டிலிருந்து பீலி வரைக்கும் படுக்க வைத்தான். நான் அவனுடைய இடுப்புப் பட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். என்னைக் கணவர் பிடித்திருந்தார். எதிர்வீட்டுக்காரர் யன்னலுக்கு வந்து பார்த்தார். கூரையில் கறுப்புக் காலுறை காயவைக்கிற குடும்பத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ.

பிறகு செய்ய ஒன்றும் இல்லை, காத்திருப்பதுதான். கணவர் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார். மூன்று பேரும் அந்தக் குளிர் அறையில் வாளியைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் துளிக்கும் துளிக்கும் இடையில் எண்ணினேன். முதலில் ஏழுவரை எண்ண ஒன்று விழுந்தது. பிறகு பத்து. பிறகு பதினைந்து. வெளியே காலுறைக்குக் கீழே உப்பு ஐஸைத் தின்று ஒரு விரல் அகலத்துக்கு வாய்க்கால் திறந்துவிட்டிருந்தது. தேங்கிய தண்ணீர் அதன் வழியே பீலிக்கு வந்து, முன்வாசல் சீமெந்தில் சொட்டுகிற சத்தம் கேட்டது. உள்ளே நான் நாற்பதுவரை எண்ணினேன். அடுத்த துளிக்கு நூறுவரை எண்ணியும் அது வரவில்லை. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எனக்கு எழும்பி ஆடவேண்டும்போல இருந்தது.

“அந்தக் கடிதத்தைத் தாரும்,” என்றேன்.

பையிலிருந்து எடுத்துத் தந்தான். நான் பேனையைத் திறந்தபோது, சீலிங்கின் கறையை ஒரு தரம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்.

“ஈரம் இல்லாதது எண்டு எழுதியிருக்கிறன் அக்கா. அதை வெட்டவோ?”

“வெட்டவேண்டாம். காயவைக்கிறது என்ர வேலை.”

கையெழுத்து வைத்தேன்.

அடுத்த கிழமை மறுபடி கொஞ்சம் பனி விழுந்தது. விடிந்ததும் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எனக்கு முன்பே அவன் செருப்போடு அங்கே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். முனையிலிருந்து முனைவரை ஒரே வெள்ளை. எங்கள் வீடு எது என்று தேடவேண்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, அறுவடை முடிந்துவிட்டதா என்று கேட்டார். இந்த முறை எனக்கு விளங்கியது. முடிந்துவிட்டது என்றேன்.

மோர்மிளகாயும் அதோடு முடிந்தது. அரைவாசி காய்ந்த அந்த மூட்டை பூத்துப்போய்விட்டது. மச்சாள் கேட்டபோது இந்த வருடம் கை சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

யூன் மாதம் அவனுடைய மனைவி வந்து சேர்ந்தாள். மெலிந்த, அதிகம் பேசாத பிள்ளை. வந்த அன்றைக்கே குசினிக்குள் வந்து, பெட்டியிலிருந்து எடுத்த ஒரு பார்சலை என்னிடம் நீட்டினாள். பத்திரிகைக் கடதாசியில் சுற்றி, நூல் கட்டியிருந்தது. பிரிக்கும் முன்பே வாசம் வந்துவிட்டது. மோர்மிளகாய். வெயிலில் காய்ந்தது.

“உங்களுக்கு இஞ்ச காயவைக்க இடம் இல்லையாம் எண்டு இவர் சொன்னவர் அக்கா.”

என் கை அப்படியே நின்றது.

“வேற என்ன சொன்னவர்?”

அவள் யோசித்தாள். “நல்ல அறை எண்டு சொன்னவர். வேற ஒண்டும் சொல்லேல்லையே.”

அவன் கதவடியில் நின்று சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாளியையும் ஒழுக்கையும் திறப்போடு அவனுடைய அறைக்குள் நின்ற வீட்டுக்காரியையும் பற்றி ஒரு சொல் இல்லை. எதையும் அவன் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. இந்தப் பிள்ளை என்னோடு ஒரே குசினிக்குள் நிற்கவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தேன். நாலு மிளகாய் பொரித்தேன். ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். என்னுடையதைவிட நன்றாக இருந்தது, அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய இரண்டாவது திறப்பை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தேன்.

“இது உங்கட அறைத் திறப்பு பிள்ளை. இனி இது என்னட்ட இருக்கத் தேவையில்லை.”